வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது: ரூபாயா, உள்ளூர் நாணயமா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் இந்திய வங்கியின் கார்டை நீட்டினால், பல இடங்களில் மெஷினின் திரையில் இரண்டு தொகைகள் தோன்றும். ஒன்று சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில் இருக்கும் பில் தொகை. மற்றொன்று அதற்கு ஈடானது என்று சொல்லப்படும் இந்திய ரூபாய்த் தொகை. காசாளர் தமிழராக இருந்தால், "ரூபாயிலேயே போட்டுடவா அண்ணே?" என்று அக்கறையோடு கேட்பதும் உண்டு. "வேண்டாம் தம்பி, வெள்ளியிலேயே போடுங்க" என்பதே ஏறக்குறைய எல்லா நேரத்திலும் சரியான பதில். தாய்லாந்து, மலேசியா, துபாய், ஐரோப்பா என எங்கே போனாலும் இதே கேள்விதான் வரும்; சில இடங்களில் கேள்வியே கேட்காமல் பதிலை எழுதிவிடுவார்கள்.

கார்டின் தொடக்க இலக்கங்களை வைத்தே அது எந்த நாட்டு வங்கியின் கார்டு என்பதை மெஷின் அறிந்துகொள்கிறது. உள்ளூர் நாணயத்தில் பணம் செலுத்தினால், அந்தத் தொகையை கார்டு நிறுவனமான விசாவோ மாஸ்டர்கார்டோ தன் அன்றைய விகிதத்தில் ரூபாயாக மாற்றும். இந்த விகிதம் பெரும்பாலும் வங்கிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சந்தை விகிதத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். அதன்மேல் உங்கள் வங்கி மார்க்அப் எனப்படும் தனக்கான கட்டணத்தைச் சேர்க்கும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தாலோ, விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரரின் வங்கியும் அது ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனமும்தான். டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி எனப்படும் இந்த முறையில் சந்தை விகிதத்துக்கு மேல் 3 முதல் 8 சதவீதம் வரை கூடுதலாக வைப்பது வழக்கம். அந்த லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது என்பதால்தான் கேள்வி இவ்வளவு அக்கறையாக வருகிறது. "எவ்வளவு செலவாகிறது என்று உங்களுக்கு உடனே தெரியுமே" என்பது அவர்கள் சொல்லும் நன்மை. இந்திய கார்டுகளுக்கு அதுவும் முழு உண்மை அல்ல.

காரணம், வெளிநாட்டுக் கடையில் ரூபாயிலேயே பணம் செலுத்தினாலும் நம் வங்கி சும்மா விடுவதில்லை. வெளிநாட்டு வணிகரிடம் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கு 1 சதவீத அளவில் தனிக் கட்டணத்தை இந்திய வங்கிகள் பலவும் தங்கள் கட்டணப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆகவே திரையில் பார்த்த ரூபாய்த் தொகை வேறு, ஸ்டேட்மென்ட்டில் வரும் தொகை வேறு.

கணக்காகவே பார்த்துவிடலாம். விடுதி பில் 400 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடக்க விலை 26,000 ரூபாய். உங்கள் கார்டின் அந்நியச் செலாவணி மார்க்அப், பல சாதாரண கார்டுகளில் உள்ளதுபோல் 3.5 சதவீதம் என்றால், வெள்ளியில் செலுத்தும்போது கட்டணம் 910 ரூபாய், ஜிஎஸ்டி சுமார் 164 ரூபாய், மொத்தம் சுமார் 27,074 ரூபாய். ரூபாயைத் தேர்ந்தெடுத்து, டிசிசி நிறுவனம் 5 சதவீதம் ஏற்றியிருந்தால் திரையில் 27,300 என்று வரும். வங்கியின் 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 27,622 ஆகிவிடும். வித்தியாசம் சுமார் 550 ரூபாய். மார்க்அப்பே இல்லாத கார்டு கையில் இருந்தால் வெள்ளியில் 26,000 ரூபாயோடு முடிந்திருக்கும். அதே கார்டை ரூபாயில் தேய்த்தால் அந்தச் சலுகை அடியோடு வீணாகிறது. இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: 3.5 சதவீத கார்டுக்கு, டிசிசி மார்க்அப் 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் ரூபாயில் செலுத்துவது லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட விகிதம் அரிது. அந்த அரிய வாய்ப்புக்காகக் காசாளர் முன் நின்று கணக்குப் போடுவதைவிட, உள்ளூர் நாணயத்தையே வழக்கமாக்கிக்கொள்வது மேல்.

கிளம்புவதற்கு முன்

செலவைத் தீர்மானிக்கும் பாதி முடிவு வீட்டிலேயே எடுக்கப்பட வேண்டியது. உங்களிடம் உள்ள ஒவ்வொரு கார்டின் கட்டணப் பட்டியலையும் வங்கியின் இணையதளத்தில் திறந்து, வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனைக்கான மார்க்அப், வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம், ரூபாயில் நடக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான கட்டணம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்அப் 2 சதவீதம் உள்ள கார்டுகளும் மார்க்அப்பே இல்லாத கார்டுகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது லாபம் என்று முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு செல்லும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்குபவர்கள், போகும் நாட்டின் நாணயத்தையே அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். டாலர் மட்டும் ஏற்றிய கார்டை ஐரோப்பாவில் யூரோவுக்குத் தேய்த்தால், அங்கேயும் ஒரு மாற்றுக் கட்டணம் விழும். டாலர் ஏற்றினால் எங்கும் செல்லும் என்று நினைத்து வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கார்டை வெளிநாட்டில் ரூபாய்க்குத் தேய்ப்பது இன்னும் மோசம்: பரிவர்த்தனை மறுக்கப்படலாம், அல்லது பணம் ஒருமுறை ரூபாய்க்கும் மறுபடி டாலருக்கும் மாறி இரண்டு முறை கரையலாம்.

ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுக்குப் பிறகு வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது என்பதால், வங்கியின் செயலியில் அதை இயக்கி, உச்சவரம்பையும் அமைத்துவிட்டே கிளம்புங்கள்.

கடையில், உணவகத்தில், விடுதியில்

மெஷின் திரையைப் படித்த பிறகே பின் எண்ணை அழுத்த வேண்டும். சில மெஷின்களில் பச்சைப் பொத்தான் ரூபாய்க்கும் சிவப்புப் பொத்தான் உள்ளூர் நாணயத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். சிவப்பை அழுத்தினால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடுமோ என்ற பயத்தில் பலர் பச்சையை அழுத்திவிடுகிறார்கள். மெஷினை அப்படி அமைத்தவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். ரூபாய் வேண்டாம் என்று மறுப்பதால் பணம் செலுத்துவது நின்றுவிடாது. தொகை உள்ளூர் நாணயத்தில் பதிவாகும், அவ்வளவுதான்.

கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் உணவகங்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மெஷினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. வாடிக்கையாளரிடம் கேட்காமல் நாணயத்தை மாற்றக் கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. ஆகவே, "எங்கள் மெஷினில் இந்திய கார்டுக்கு ரூபாய்தான் வரும்" என்று யாராவது சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை; பரிவர்த்தனையை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம், அல்லது ரொக்கமாகக் கொடுத்துவிடலாம்.

விடுதியிலும் வாடகைக் கார் நிறுவனத்திலும் வேறு சிக்கல். முன்பணத்துக்காகக் கார்டைப் பதிவு செய்யும்போது நீட்டப்படும் படிவத்தில், இறுதி பில்லை உங்கள் நாட்டு நாணயத்தில் வசூலிக்கச் சம்மதம் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடித்துவிட்டு, உள்ளூர் நாணயத்தில்தான் வசூலிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அறையைக் காலி செய்யும்போது மறுபடியும் வாயால் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் கவுன்டரில் இருப்பவர் படிவத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

ஏடிஎம்மில்

இழப்பு அதிகமாக நேர்வது ஏடிஎம்மில்தான். விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருக்களிலும் வங்கிக் கிளை எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியே நிற்கும் ஏடிஎம்களில் மாற்று விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் பாதகமாக இருப்பதும் உண்டு. திரையில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் வரும். முதலாவது, ஏடிஎம் பயன்பாட்டுக் கட்டணத்துக்குச் சம்மதமா என்பது. தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பதுபோல், இதை ஏற்காமல் பணம் வராது. இரண்டாவது, மாற்று விகிதத்துக்குச் சம்மதமா என்பது. இதைத் தயங்காமல் மறுக்கலாம். மறுத்ததும் "உறுதியாகவா?" என்ற தோரணையில் இன்னொரு திரை வந்தாலும் மறுபடி மறுத்துவிடுங்கள். பணம் வரும்.

பயன்பாட்டுக் கட்டணம் ஒவ்வொரு முறைக்கும் ஒரே அளவு என்பதால், சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைவிட ஒரே தடவையில் எடுப்பது நல்லது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; மார்க்அப்போடு ரொக்க முன்பணக் கட்டணமும், முதல் நாளிலிருந்தே வட்டியும் சேரும்.

இணையத்தில்

வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு விடுதியையோ விமானத்தையோ பதிவு செய்யும்போதும் இதே வலை விரிந்திருக்கிறது. தளம் விலையை ரூபாயில் காட்டுவதால் அது இந்தியப் பரிவர்த்தனை ஆகிவிடாது. பணம் வெளிநாட்டு வணிகரிடம் போனால், வங்கியின் அந்த 1 சதவீதக் கட்டணம் இங்கும் வரலாம். முடிந்தால் தளத்தின் அமைப்பில் நாணயத்தை விடுதி உள்ள நாட்டின் நாணயமாக மாற்றிவிட்டு, பணம் செலுத்தும் பக்கத்தில் தொகை எந்த நாணயத்தில் இருக்கிறது என்று மறுபடி பாருங்கள். பேபால் வழியாகச் செலுத்துபவர்கள், அதன் சொந்த மாற்று விகிதத்தை விட்டுவிட்டு கார்டு வங்கியே மாற்றட்டும் என்ற தேர்வு கிடைத்தால் அதை எடுக்கலாம். விகிதத்தை ஒப்பிட, விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் இணையதளங்களில் வைத்துள்ள கணக்கிடும் பக்கங்கள் போதும். அவற்றில் வங்கியின் கட்டணச் சதவீதத்தையும் சேர்த்தே பார்க்க முடியும்.

கேட்காமலேயே ரூபாயில் போட்டுவிட்டால்

ரசீது கைக்கு வந்ததும் படியுங்கள். டிசிசி நடந்திருந்தால் இரு நாணயத் தொகைகளும், விகிதமும், நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எனக்கு அளிக்கப்பட்டது என்ற ஒரு வாசகமும் அதில் அச்சாகியிருக்கும். கடையில் நிற்கும்போதே கண்டுபிடித்தால், அன்றைய கணக்கு முடிக்கப்படும் முன் பரிவர்த்தனையை அவர்களாலேயே ரத்து செய்து புதிதாகப் போட முடியும். பிறகு ஒருநாள் ரீஃபண்டு தருகிறோம் என்பதை ஏற்க வேண்டாம், ஏனென்றால் திரும்பி வரும் தொகை வேறொரு நாளின் விகிதத்தில் குறைந்து வரக்கூடும். கடை மறுத்தால், வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்று ரசீதின் கடைப் பிரதியில் எழுதிவிட்டே கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதிகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும், ரசீதின் படத்தோடு கார்டு வங்கியிடம் எழுத்துபூர்வமாகத் தகராறு பதிவு செய்யலாம். தவறான நாணயத்தில் வசூலித்தல் என்பதற்கு விசாவின் விதிகளில் 12.3 என்ற தனிக் குறியீடே உண்டு. புகாரில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் அதைச் சாதாரண விலைத் தகராறாக ஒதுக்கிவிடும் வாய்ப்பு குறைவு. இதற்குக் கால வரம்பு இருப்பதால், அந்த மாத ஸ்டேட்மென்ட் வந்த உடனேயே எழுதிவிடுவது அவசியம்.