வொண்டர்லா போகுமுன் உயரத்தை அளந்துவிடுங்கள்

விடுமுறைக்குப் பெங்களூரு போகிறவர்கள் அருகே பிடதியிலுள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்குவது வழக்கம். கிளம்புமுன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, செருப்பில்லாமல் உயரத்தை அளந்துவிடுங்கள். அங்கே டிக்கெட் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான். 85 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 140 செ.மீ.யைத் தாண்டினால் பெரியவர் கட்டணம். பெரிய ராட்டினங்கள் பலவற்றிலும் உயரக் கட்டுப்பாடு உண்டு. வரிசையில் வெகுநேரம் நின்றபின் "நீ ஏற முடியாது" என்று கேட்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நீர் விளையாட்டுகளுக்கு நைலான் போன்ற நீச்சல் உடைதான் வேண்டும்; பருத்தி ஆடையில் இறங்க விடமாட்டார்கள். வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால் அங்கே வாங்கும் செலவு மிச்சம். காலையில் ராட்டினங்களை முடித்துக்கொண்டு, வெயில் ஏறியபின் தண்ணீருக்குப் போங்கள். ஈர உடையோடு அலைய வேண்டியிருக்காது.

வெளி உணவுக்கு உள்ளே அனுமதியில்லை. ஆகவே போகும் வழியில் பிடதியின் தட்டு இட்லியை வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். அதைத் தவறவிடாதீர்கள், அவ்வளவு மெத்தென்று இருக்கும்!