ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியில் கால்பந்து வீரர்கள் செய்யும் தவறுகள்

பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வீரர் உட்காருவது அதிகம் நடப்பது ஒவ்வொரு பாதியின் கடைசிக் கால் மணி நேரத்தில்தான். தசை களைத்திருக்கும் நேரம் அது. முழு வேக ஓட்டத்தில் முன்னால் வீசிய காலை, பாதம் தரையில் படுவதற்கு முன் இழுத்து நிறுத்துவது ஹாம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசை. நீண்டுகொண்டே விசை கொடுக்கும் இந்த வலுதான் ஆட்டம் போகப் போக நன்றாகவே குறைகிறது.

அதனால் ஜிம்மில் எடைக்கு எதிராக முழங்காலை மடக்கும் லெக் கர்ல் மெஷினை மட்டும் நம்புவது முதல் தவறு. 2004இல் வெளிவந்த நார்வே ஆய்வில் இரண்டு குழுக்களுக்கு 10 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மண்டியிட்டு மெதுவாக முன்னால் சாயும் நோர்டிக் பயிற்சி செய்தவர்களுக்கு நீளும்போதுள்ள வலு 11 சதவீதம் கூடியது. லெக் கர்ல் செய்தவர்களுக்கு மாற்றம் இல்லை.

நோர்டிக்குக்கு மெஷினே வேண்டாம். மண்டியிட்டு நில்லுங்கள், கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், மெதுவாக முன்னால் சாயுங்கள். பலர் இடுப்பை மடித்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் சுமை பெருமளவு குறைந்துவிடும். முழங்காலிலிருந்து தோள் வரை ஒரே நேர்கோடு. தாங்க முடியாத இடம் வந்ததும் கையை ஊன்றி விழுங்கள், கைகளால் தள்ளித் திரும்ப எழுந்தால் போதும்.

அடுத்தது அவசரம். முதல் நாளே மூன்று செட் பத்து என்று போட்டுவிட்டு, மறுநாள் படி இறங்க முடியாமல் தவித்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடுவார்கள். 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வில் வீரர்கள் 942 பேர். அதில் முதல் வாரம் ஒரே ஒரு நாள், இரண்டு செட், ஐந்து முறை மட்டும். பல வாரங்கள் கழித்துத்தான் 12, 10, 8 என மூன்று செட்டுக்கு வந்தார்கள்.

என்னைக் கேட்டால், அதிகம் சொதப்புவது நேரத்தில்தான். வார்ம்-அப்போடு நோர்டிக்கையும் சேர்த்து முடித்துவிட்டால், களைத்த தசையோடுதான் ஸ்பிரின்ட் ஓட வேண்டியிருக்கும். கோச்சுக்கு அது வசதி, தொடைக்கு அல்ல. பிராக்டிஸ் முடிந்தபின் செய்து பாருங்கள். அப்படிப் பழகியவர்களுக்கு ஆட்டத்தின் பிற்பகுதியிலும் வலு அவ்வளவாக இறங்கவில்லை என்று ஆய்வு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் செவ்வாய் அல்லது புதன் நல்லது. சனிக்கிழமை கூடவே கூடாது, புதிதாகத் தொடங்குபவருக்குத் தசைவலி இரண்டு மூன்று நாள் இருக்கும்.

ஸ்ட்ரெச்சிங் செய்தால் போதும் என்பாரும் உண்டு. போதாது.

வலி குறைந்ததுமே களமிறங்குவது இன்னொரு வம்பு. அட்லெடிகோ மாட்ரிட் முன்கள வீரர் டியேகோ கோஸ்டா 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்தான் ஹாம்ஸ்ட்ரிங்கில் அடிபட்டிருந்தார். பெல்கிரேடுக்குப் போய்க் குதிரை நஞ்சுக்கொடிச் சிகிச்சை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தும், ஒன்பதாவது நிமிடத்திலேயே வெளியேறினார். நடக்கும்போது வலி இல்லை என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். முழு வேகத்தில், களைப்போடும் வலியில்லாமல் ஓட முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், சீசன் தொடங்கியதும் பயிற்சியை மூட்டை கட்டிவிடாதீர்கள். வாரம் ஒரு நாளாவது தொடர வேண்டும்.