திருநெல்வேலியில் குடியேற ஏரியா தேர்ந்தெடுப்பது எப்படி?

திருநெல்வேலிக்கு மாறுதலாகி வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். இந்த ஊரில் அது மூன்றாவது கேள்வி. வேலை ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், பார்க்க வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

எந்தக் கரை?

தாமிரபரணிக்கு மேற்கே டவுன், ஜங்ஷன், வடக்கே தள்ளித் தச்சநல்லூர். கிழக்கே வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, தெற்கே இறங்கினால் மேலப்பாளையம். கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகம், ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை, பழைய கல்லூரிகள், பெரும்பாலான பெரிய பள்ளிகள் எல்லாம் கிழக்குக் கரையில். இவற்றில் வேலை என்றாலோ பிள்ளைகளை இங்கே சேர்ப்பதென்றாலோ பாளைப் பக்கம்தான் சரி. வாடகை குறைவு என்று டவுனில் வீடு எடுத்துவிட்டு, காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் ஈரடுக்குப் பாலம், ஜங்ஷன், சுலோசன முதலியார் பாலம் என்று மூன்றையும் தினமும் தாண்டுவது வீண் வேலை. 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்து வழியைத்தான் ஊரே இன்றும் நம்பியிருக்கிறது.

அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் வேலையா? அது தென்காசி ரோடு. டவுன், பழையபேட்டை, பேட்டை பாருங்கள். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை என்றால் தச்சநல்லூர், அல்லது பைபாஸில் ஏற வசதியான வண்ணார்பேட்டை. தூத்துக்குடிக்கோ வாகைக்குளம் விமான நிலையத்துக்கோ அடிக்கடி போகிறவர்களுக்கு கேடிசி நகர். கூடங்குளத்திலோ மகேந்திரகிரியிலோ வேலை கிடைத்து, 'மாவட்டத் தலைநகராச்சே' என்று நெல்லையில் வீடு தேட வேண்டாம். வள்ளியூர் பக்கம் தேடுங்கள்.

தூரத்தை வரைபடத்தில் அளந்தால் போதாது. குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடினால் மேலப்பாளையத்துக்கும் பாளைக்கும் நடுவே எல்லாம் நின்றுவிடும். முடிவெடுக்கும் முன் ஒரு வேலைநாளில், நீங்கள் கிளம்பப்போகும் அதே நேரத்தில், அதே வழியில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு காட்டுகிற புரோக்கரோடு வண்டியில் போனால் எல்லாமே பத்து நிமிடம்தான்.

இன்னொன்று: 'பஸ் ஸ்டாண்ட் பக்கம்' என்று விளம்பரத்தில் இருந்தால் எந்த பஸ் ஸ்டாண்ட் என்று கேளுங்கள். ஜங்ஷனில் ஒன்று, பாளையில் ஒன்று, வெளியூர் பஸ்கள் வந்துபோகும் புதுப் பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் ஒன்று. அதேபோல 'பாளையங்கோட்டை' என்ற ஒரு சொல்லுக்குள் கேடிசி நகர் முதல் ரெட்டியார்பட்டி ரோடு வரை அடங்கிவிடும்.

மழைத் தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம், எதிர்க்கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டையின் ஆற்றோரத் தெருக்கள் மூழ்கின. கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 1992 நவம்பரிலும் பெரிய வெள்ளம் வந்திருக்கிறது. ஆகவே 'முப்பது வருஷத்துக்கு ஒருதடவைதானே' என்பதற்குப் பதில், அந்த ஒருதடவையில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்களுடைய பிரிட்ஜும் பீரோவும் என்ன ஆனது என்று கேட்பதுதான்.

வெள்ளம் இங்கே இரண்டு வகை. ஒன்று ஆற்று வெள்ளம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிரம்பித் திறக்கும்போது முன்னெச்சரிக்கை கொடுப்பார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்ததா என்று பார்த்தே ஊர்க்காரர்கள் நிலவரம் சொல்லிவிடுவார்கள். சாமான்களை மேலே ஏற்றக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். மற்றொன்று குளத்துத் தண்ணீர். இதற்கு அறிவிப்பு கிடையாது. இந்த ஊரின் குளங்கள் கால்வாய்களால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை: நெல்லைக் கால்வாய் நயினார்குளத்துக்கு வரும், பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளை வழியாக ஓடும். வயலுக்குப் போன வாய்க்காலை மறித்து மனை போட்ட இடங்களில், மேடான பாளையிலும்கூட, பலத்த மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆறு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது இதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தெருப்பெயரிலோ நகர்ப்பெயரிலோ 'குளம்', 'பேரி' (பெரிய ஏரி) இருந்தால் இரண்டுமுறை விசாரியுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரர், 'இங்கெல்லாம் தண்ணி வராது' என்றுதான் சொல்வார். தெருமுனைப் பலசரக்குக் கடையில் போய், 'அண்ணாச்சி, 23 மழையில இங்க எந்த மட்டுக்கு வந்துச்சு?' என்று கேளுங்கள். 'வந்துச்சா' என்று கேட்காமல் 'எந்த மட்டுக்கு' என்று கேட்டால் கையை நீட்டியே காட்டிவிடுவார்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் கறை, அடிப்பகுதிக்கு மட்டும் புதுப்பெயின்ட், வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டிய மின்மீட்டர் பெட்டி, இவையெல்லாம் சாட்சிகள். தெரு மட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டடிக்குக் குறைந்தால் மாடி வீடு கேளுங்கள். பழைய வீடுகளில் இது பெரிய சிக்கல்: ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு பள்ளத்தில் இறங்குகிறது. பிறகு வாறுகால் (தெருச் சாக்கடை) தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தாலும், கழிவறைத் தரை தெருவிலுள்ள ஆள்நுழைவுக் குழியின் மூடியைவிடத் தாழ்ந்திருந்தால் மழைநாளில் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வரும்.

குழாய்த் தண்ணீர்

ஆற்றங்கரை ஊர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் வருவது ஆற்றுத் தண்ணீர். எல்லை தாண்டிய புதுநகர்களில் பல வீடுகளுக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்தான் முழு ஆதாரம். தாழையூத்துப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் சங்கர்நகர் சிமெண்ட் ஆலையே வந்தது. அந்த மாதிரி நிலத்தில் போர்த் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும்: பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் சீக்கிரம் போய்விடும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனா ஒன்றை வாங்கி, பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தியத் தரப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 2,000. அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) ஆற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கலந்திருந்தால், நல்ல தண்ணீர் வந்த நாளில் எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும். சம்புக்குள் விழுவதற்கு முன்னால் குழாயில் ஒருமுறை, போர் மோட்டாரைப் போட்டு ஒருமுறை, தனித்தனியாகப் பிடித்து அளக்க வேண்டும். இந்தப் பேனா உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் இல்லாமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்தால் நான்கு பேருக்கு 540. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் 1,080. சித்திரை வைகாசியில் ஒருநாள் தள்ளிப்போவதையும் சேர்த்தால் உங்களுக்கு மட்டும் 1,620 லிட்டர் பிடிக்கிற சம்பு வேண்டும். ஒரே வளவில் மூன்று குடித்தனம், ஒரே சம்பு என்றால், மோட்டார் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் இடமாக

பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர், என்ஜிஓ காலனி: குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் தேடும் இடங்கள், அதனால் வாடகையும் கூடுதல். மகாராஜநகரில் உழவர் சந்தை உண்டு. டவுன் ரதவீதிகளைச் சுற்றி எல்லாக் கடையும் நடைதூரம். ஆனால் முடுக்கு (குறுகிய சந்து) வீடுகளுக்கு பைக்தான் போகும், ஆனித் தேரோட்டத்தின்போது வண்டியை எடுப்பதும் சிரமம். கார் வைத்திருப்பவர்கள் டவுனை மறந்துவிடலாம். ராமையன்பட்டிக்கு அருகில் பார்த்தால், குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்கும் நாட்களில் புகை எந்தப் பக்கம் வருகிறது என்று விசாரித்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டில் பெண்கள் பஸ்ஸில் போகிறவர்கள் என்றால், கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அந்த பஸ் உங்கள் நிறுத்தத்தில் எத்தனை மணிக்குக் கடைசி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

'எந்த ஊரு, என்ன ஆளுக' என்ற கேள்வி இங்கே இன்னும் வரும். அசைவம் கூடாது என்ற நிபந்தனையும் வரும். போனிலேயே இதைப் பேசி முடித்துவிட்டால் வெயிலில் ஓர் அலைச்சல் மிச்சம்.

வாங்குவதென்றால் அவசரம் வேண்டாம். ஒரு வடகிழக்குப் பருவமழையை வாடகை வீட்டில் கழித்துவிட்டு, மழை கொட்டும் நாளில் போய் மனையைப் பாருங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி, வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றோடு அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும் (நில விவரப் பதிவு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து, அந்த சர்வே எண்ணிலோ ஒட்டியோ குளம், வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கேளுங்கள்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்கு ஒன்றுதான், சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் அது உங்களுக்குக் கிடைக்காது. சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண்ணை போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.