பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? ஏஎஸ்/400 பக்கத்தில் ஓடும் ஜாபைக் கண்டுபிடித்துப் பிழை களையும் முறை

டாம்கேட் என்ற ஜாவா வலை சர்வரில் ஓடும் ஒரு வலைச்செயலி, ஐபிஎம்மின் ஏஎஸ்/400 இயந்திரத்தில் இருக்கும், ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் எழுதிய புரோகிராமை ஸ்டோர்டு புரொசீஜராக, அதாவது தரவுத்தளத்தின் வழியே, அழைக்கிறது. உலாவியில் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாம்கேட்டின் லாகிலோ உருப்படியான ஒரு வரியும் இல்லை. இந்த நிலையில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். 1988-இல் ஏஎஸ்/400 என்று வெளிவந்த அந்த இயந்திரம் பின்னர் ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, இன்று பவர் சர்வர்களில் ஓடும் ஐபிஎம் ஐ என்ற இயங்குதளமாக நிற்கிறது. பெயர் எதுவானாலும் வழிமுறை ஒன்றுதான். ஜாவாவும், அது தரவுத்தளத்துடன் பேசும் வழியான ஜேடிபிசியும் ஓரளவு தெரியும், பச்சைத் திரை என்று நாம் சொல்லும் ஏஎஸ்/400 டெர்மினலில் உள்ளே நுழையத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை அலுவலகத்தில் நாம் உச்சரிப்பது போலவே எழுதியிருக்கிறேன்.

படி 1: போர்ட்டுகள்

ஜாவாவை ஏஎஸ்/400-உடன் இணைக்கும் ஜேடி400 என்ற ஜேடிபிசி டிரைவர் நேராகத் தரவுத்தளத்துக்குப் போவதில்லை. முதலில் 449-ஆம் போர்ட்டில் இருக்கும் சர்வர் மேப்பரிடம் எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கேட்கிறது. 8476-இல் பயனரைச் சரிபார்க்கிறது. அதன் பிறகே 8471-இல் தரவுத்தள சர்வருடன் பேசுகிறது. ஃபயர்வால் பார்க்கும் குழுவிடம் 8471-ஐ மட்டும் திறக்கச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது வழக்கமாக நடப்பது. எஸ்எஸ்எல் வழியாக இணைப்பவர்களுக்கு 8471-க்குப் பதில் 9471-உம், 8476-க்குப் பதில் 9476-உம் தேவை. டாம்கேட் ஓடும் இயந்திரத்திலிருந்தே டெல்நெட் செய்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியிலிருந்து திறப்பது எதையும் நிரூபிக்காது. ஃபயர்வால் திறந்திருந்தும் பதில் வரவில்லை என்றால், மறுமுனையில் ஸ்டார்ட் ஹோஸ்ட் சர்வர் கட்டளையை ஸ்டார் ஆல் (ஸ்டார் என்பது * குறி) என்ற மதிப்புடன் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 2: கடவுச்சொல் கேட்கும் சாளரம்

இணைப்பு முகவரியில் 'பிராம்ட்=ஃபால்ஸ்' என்ற பண்பைச் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல் தவறாகவோ காலாவதியாகவோ இருந்தால், இந்த டிரைவர் புதிய கடவுச்சொல் கேட்டு ஒரு சாளரத்தைத் திறக்க முயலக்கூடும். விண்டோஸ் சேவையாக ஓடும் டாம்கேட்டில் அந்தச் சாளரம் யார் கண்ணிலும் படாது. அதற்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் அந்த த்ரெட் அப்படியே நிற்கும். இந்தப் பண்பைச் சேர்த்தால் அதே தவறு ஒழுங்கான பிழைச்செய்தியாக லாகில் விழும்.

படி 3: உங்கள் ஜாப் எது?

இந்தப் படியில்தான் நான் நெடுநேரம் சிக்கிக் கிடந்தேன்; ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு ஜேடிபிசி இணைப்புக்கும் மறுமுனையில் ஒரு ஜாப், அதாவது இயங்குதளம் தனியாகக் கணக்கு வைக்கும் ஓர் இயக்கம், உண்டு. வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. உண்மையான பிழைச்செய்தியும் அதன் ஜாப் லாகில்தான் இருக்கிறது. ஜாவா பக்கம் வந்து சேர்வது அதன் சுருக்கம் மட்டுமே. ஆனால் இந்த ஜாப்கள் ஓடும் பகுதியான க்யூயூஸர்வொர்க் சப்சிஸ்டத்தைத் திறந்து பார்த்தால், க்யூஸெட்டாஸோஇனிட் என்ற ஒரே பெயரில் வரிசையாகப் பல ஜாப்கள் நிற்கும். பயனர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் க்யூயூஸர் என்றே இருக்கும். உங்கள் செயலியின் பயனர் பெயரை அங்கே தேடிப் பயனில்லை. இவை முன்கூட்டியே தொடங்கி வைக்கப்பட்ட ஜாப்கள். இணைப்பு வந்ததும் உங்கள் பயனருக்கு மாறிக்கொண்டு வேலை செய்கின்றன, ஜாபின் பெயரோ பழையபடியே நிற்கிறது.

வொர்க் ஆப்ஜெக்ட் லாக் கட்டளையை உங்கள் பயனர் புரொஃபைலின் மீது ஓட்டினால், அந்தப் புரொஃபைலைப் பிடித்திருக்கும் ஜாப்கள் மட்டும் வரும். ஒரே ஒரு இணைப்பு இருந்தால் இது போதும். கனெக்ஷன் பூலில் (செயலி திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) பத்து இணைப்புகள் இருந்தால் பத்து வரிகள் வரும். அவற்றில் தவறு நடந்தது எதில் என்று அப்போதும் தெரியாது.

ஆகவே நான் விரும்பும் வழி, ஜாபின் அடையாளத்தைச் செயலியையே எழுத வைப்பது. க்யூஸிஸ்2 ஸ்கீமாவில் ஜாப்_நேம் என்ற குளோபல் வேரியபிள் இருக்கிறது. பூலிலிருந்து இணைப்பை வாங்கியதும், ஸிஸ்ஐபிஎம் ஸ்கீமாவில் உள்ள ஸிஸ்டம்மி1 என்ற ஒற்றை வரி அட்டவணையிலிருந்து அதை செலக்ட் செய்து, அந்தக் கோரிக்கையின் லாக் வரியில் சேர்த்துவிடுங்கள். எண், பயனர், பெயர் என மூன்று பகுதியும் சாய்கோடு இட்டு வரும்; அப்படியே வொர்க் ஜாப் கட்டளைக்குக் கொடுக்கலாம். டிரைவரின் இணைப்பு வகுப்பிலும் கெட்சர்வர்ஜாப்ஐடென்டிஃபையர் என்ற மெத்தட் உண்டு. ஆனால் பூல் சுற்றி வைத்திருக்கும் உறையைப் பிரித்து உள்ளே போக வேண்டும் என்பதால் எனக்கு எஸ்க்யூஎல் வழியே வசதி.

இன்னொன்று: சோதனைச் சூழலில் பூலின் அதிகபட்ச அளவை 1 என்று வைத்துவிடுங்கள். எல்லாக் கோரிக்கைகளும் ஒரே ஜாபுக்குப் போகும். தேடும் வேலை பாதியாகக் குறையும்.

படி 4: ஜாப் லாகைப் படிப்பது

வொர்க் ஜாப் திரையில் 10-ஆம் தேர்வு, அதன் பிறகு எஃப்10. அப்போதுதான் விவரச் செய்திகள் முழுவதும் தெரியும். ஒவ்வொரு செய்தியின் மீதும் கர்சரை வைத்து எஃப்1 அழுத்தினால் காரணமும் தீர்வும் வரும். ஐபிஎம் இந்தச் செய்திகளை எழுதியிருக்கும் பொறுமைக்கு ஈடாக வேறு எந்த இயங்குதளத்திலும் நான் பார்த்ததில்லை.

பிழை வந்ததும் செயலி இணைப்பை மூடிவிட்டால் அந்த ஜாப் அடுத்தவருக்குப் போய்விடும், லாக் பொதுவாக மிஞ்சாது. அதற்கு இணைப்பு முகவரியில் 'சர்வர் டிரேஸ்=12' என்று சேர்க்க வேண்டும். இதில் 8 என்பது முடியும்போது ஜாப் லாகைச் சேமிப்பது. 4 என்பது ஜாபை டீபக் நிலையில் தொடங்குவது, இதனால் எஸ்க்யூஎல் ஆப்டிமைசரின் செய்திகளும் லாகில் சேரும். இரண்டையும் கூட்டினால் 12. ஜாவா பக்கத்தின் 'டூல்பாக்ஸ் டிரேஸ்=ஆல்' என்பதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்; அது கொட்டும் வரிகளில் தேவையானதைத் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

பக்கம் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது எம்எஸ்ஜிடபிள்யூ, அதாவது ஒரு செய்திக்குப் பதில் வரும் வரை ஜாப் காத்திருக்கும் நிலை. பதின்ம எண் இருக்க வேண்டிய புலத்தில் வெற்றிடம் கிடந்து, ஆர்பிஜி புரோகிராம் ஆர்என்க்யூ0907 என்ற கேள்வியை, ஆபரேட்டர் பார்க்கும் க்யூசிஸ்ஆப்பர் செய்தி வரிசைக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இதெல்லாம் டாம்கேட்டுக்குத் தெரியாது. சி என்று பதில் கொடுத்தால் புரோகிராம் ரத்தாகி, பிழை ஜாவா பக்கம் போய்ச் சேரும். டி என்று கொடுத்தால் டம்ப் கிடைக்கும், அதில் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் இருக்கும். முதல் முறை எப்போதும் டி கொடுங்கள்.

படி 5: அடிக்கடி வரும் இரண்டு எஸ்க்யூஎல் பிழைகள்

எஸ்க்யூஎல்0204, பொருள் கிடைக்கவில்லை என்பது. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், பிழையும் வரும். 'நேமிங்=எஸ்க்யூஎல்' என்றிருக்கும்போது லைப்ரரி (ஃபைல்களும் புரோகிராம்களும் இருக்கும் இடம்; எஸ்க்யூஎல்லில் ஸ்கீமா) பெயர் இல்லாத அட்டவணைகளை டிரைவர் இயல்பான ஸ்கீமாவில் மட்டுமே தேடும்; தேட வேண்டிய லைப்ரரிகளின் வரிசையான லைப்ரரி லிஸ்டைப் பார்க்காது. லைப்ரரி லிஸ்டை நம்பி எழுதப்பட்ட பழைய புரோகிராம்களுடன் வேலை செய்யும்போது 'நேமிங்=சிஸ்டம்' என்று மாற்றி, 'லைப்ரரீஸ்' பண்பில் பட்டியலைக் கொடுங்கள்.

எஸ்க்யூஎல்7008, அந்த ஃபைலில் இந்தச் செயலைச் செய்ய முடியாது என்பது, இன்னும் சுவாரசியமானது. உங்கள் எஸ்க்யூஎல் கருவியில் ஓடும் அதே அப்டேட், ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் டிரான்சாக்ஷனுக்குள் விழுந்துவிடும். ஆட்டோகமிட் இயங்கும்போது இந்த டிரைவர் இயல்பாகக் கமிட்மென்ட் கண்ட்ரோல் (மாற்றங்களை மொத்தமாக உறுதிசெய்யவும் திரும்பப் பெறவும் உதவும் ஏற்பாடு) இல்லாமல் வேலை செய்கிறது. டிரான்சாக்ஷன் தொடங்கி ஆட்டோகமிட் அணைந்ததும் அந்த ஃபைல் ஜர்னல் செய்யப்பட்டிருக்க, அதாவது அதன் மாற்றங்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட, வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. எஸ்க்யூஎல் ஸ்கீமாவுக்குள் உருவாகும் அட்டவணைகள் தாமாகவே ஜர்னல் ஆகும். டிடிஎஸ் என்ற பழைய விவரிப்பு முறையில் எழுதி உருவாக்கிய ஃபைல்கள் ஆகா. ஐசொலேஷனை 'நன்' என்று மாற்றினால் பிழை மறையும், ரோல்பேக்கும் அதோடு போய்விடும். ஸ்டார்ட் ஜர்னல் பிஎஃப் கட்டளையால் ஃபைலை ஜர்னல் செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

படி 6: பிரேக் பாயிண்ட்

புரோகிராமை டிபிஜிவியூ (டீபக்கில் எதைக் காட்டுவது என்ற அமைப்பு) மதிப்பு ஸ்டார் லிஸ்ட் என்று கம்பைல் செய்யுங்கள். ஸ்டார் சோர்ஸ் என்றால், பின்னர் யாராவது மூலத்தைத் திருத்தியிருந்தால் திரையில் தெரியும் வரியும் ஓடும் வரியும் ஒன்றாக இருக்காது. பிறகு ஸ்டார்ட் சர்வீஸ் ஜாப் கட்டளைக்குப் படி 3-இல் கிடைத்த ஜாபைக் கொடுங்கள். இதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். அடுத்து ஸ்டார்ட் டீபக், அதில் அப்புராட் (புரொடக்ஷன் ஃபைல்களைத் திருத்த அனுமதி) மதிப்பு ஸ்டார் யெஸ். இல்லாவிட்டால் புரொடக்ஷன் வகை லைப்ரரியில் உள்ள ஃபைல்களைத் திருத்தத் திறக்கும் இடத்தில் புரோகிராம் விழும். நிறுத்த வேண்டிய மூல வரியில் எஃப்6 அழுத்திப் பிரேக் பாயிண்ட் வைத்துவிட்டு, உலாவியில் பக்கத்தைத் திறந்தால் உங்கள் பச்சைத் திரையில் புரோகிராம் வந்து நிற்கும். எஃப்10 ஒவ்வொரு வரியாக நகர்த்தும், எஃப்11 மாறியின் மதிப்பைக் காட்டும், எஃப்12 தொடர்ந்து ஓடவிடும்.

மூலத்தைத் திருத்துவதற்கு பச்சைத் திரை எடிட்டரான எஸ்இயூவை விட்டு விஎஸ் கோடுக்கு வந்துவிட்டேன். ஆனால் இந்த வேலைக்கு மட்டும் பச்சைத் திரையே போதும் என்பேன், அமைக்க வேண்டியது எதுவும் இல்லை. நீங்கள் பிரேக் பாயிண்டில் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில், பூல் அளவு 1 என்பதால், மற்றக் கோரிக்கைகள் இணைப்புக்குக் காத்திருக்கும். ஹிக்காரி என்ற கனெக்ஷன் பூலில் இயல்பான காத்திருப்பு 30 வினாடி. அந்தப் பிழைகளைக் கண்டு குழம்ப வேண்டாம். முடிந்ததும் எண்ட் டீபக், எண்ட் சர்வீஸ் ஜாப் இரண்டையும் மறக்காமல் கொடுங்கள்.

பிற்சேர்க்கை

புரோகிராமைத் திருத்திக் கம்பைல் செய்த பிறகும் பழைய பிழையே வருகிறது என்று படித்தவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். புரோகிராமை மாற்றும்போது பழைய பிரதி க்யூஆர்பிஎல்ஆப்ஜ் லைப்ரரிக்கு நகர்த்தப்படுகிறது. அதை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும் ஜாப் தொடர்ந்து அந்தப் பிரதியையே ஓட்டிக்கொண்டிருக்கும். பூல் இணைப்புகளை விடாமல் பிடித்திருப்பதால் அந்த ஜாப் தானாக விடுபடாது. பூலை மட்டும் மூடித் திறந்தால் பெரும்பாலும் போதும். டாம்கேட்டை முழுவதும் நிறுத்தத் தேவையில்லை.

பெயர் வரவேண்டிய இடத்தில் சி1சி2சி3 என்பது போல வருகிறது என்பது இன்னொரு கேள்வி. அது ஏபிசி என்ற எழுத்துகளின் எப்சிடிக் (ஏஎஸ்/400 பயன்படுத்தும் எழுத்துக் குறியீடு) வடிவம். அந்தப் புலத்தின் சிசிஎஸ்ஐடி (எந்த எழுத்துக் குறியீடு என்று சொல்லும் எண்) 65535 என்றிருப்பதால் டிரைவர் அதை மொழிபெயர்க்காமல் பைட்டுகளாகவே தருகிறது. இணைப்பு முகவரியில் 'டிரான்ஸ்லேட் பைனரி=ட்ரூ' என்று சேர்த்தால் எழுத்துகள் வந்துவிடும்; ஆனால் அதே இணைப்பில் படம் போன்ற உண்மையான பைனரித் தரவையும் படிக்கிறீர்கள் என்றால் அது சிதையும், அப்போது புலத்தின் சிசிஎஸ்ஐடியையே திருத்தச் சொல்லுங்கள்.