கடல் நத்தையைப் பார்த்து எழுதுவது எப்படி? ஃபிலிடியா வேரிகோசாவை வைத்து ஒரு பயிற்சி

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஓடில்லாத கடல் நத்தையைச் சிலர் ‘கடல் அட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். கடல் அட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தம். நாம் பார்க்கப்போவது நத்தைக்குச் சொந்தம். குஞ்சுப் பருவத்தில் முதுகில் ஓடு இருக்கும், வளரும்போது அதை இழந்துவிடும்.

பயிற்சிக்கு ஃபிலிடியா வேரிகோசா நல்ல தேர்வு. 1801இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் பெயர் சூட்டிய இனம். செங்கடலில் தொடங்கி பசிபிக் பவளப் பாறைகள் வரை இருக்கிறது. பட்டப்பகலில் பாறை மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். படம் எடுக்கும் வரை ஓடிப்போகாது.

படி 1: அளவு
பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நீளம், அகலம், வடிவம், மூன்றும் போதும். இது நீள்வட்டம், பெரியது 11 செ.மீ. வரை வரும்.

படி 2: முதுகு
என் முதல் குறிப்பேட்டில் ‘கறுப்பு, நீலம், மஞ்சள்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், அதே மூன்று நிறத்தில் பல இனங்கள்! அதனால் மேடு பள்ளத்தை முதலில் எழுதுங்கள், நிறம் அப்புறம். இதன் முதுகில் நீளவாக்கில் வரப்பு போல மூன்று முதல் ஆறு மேடுகள் ஓடும். வரப்பு முழுக்க மரு மருவாகப் புடைப்புகள். இனி நிறம்: வரப்பு சாம்பல் கலந்த நீலம், இடையிலுள்ள பள்ளம் கறுப்பு, மருவின் உச்சியில் மட்டும் மஞ்சள் தொப்பி.

படி 3: தலைப்பக்கம்
முன்னால் நிற்கும் இரண்டு பொன்மஞ்சள் கொம்புகளைக் கண் என்று எழுதிவிடாதீர்கள். இவை ரைனோஃபோர்கள், மோப்பம் பிடிக்கும் உறுப்பு. உற்றுப் பார்த்தால் புத்தகத் தாள்களை அடுக்கியதுபோல மெல்லிய மடிப்புகள் தெரியும். சீண்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

படி 4: செவுள்
இந்த வகை நத்தைகளை ‘நூடிபிராங்க்’ என்பார்கள். திறந்த செவுள் என்று பொருள். பலவற்றின் முதுகில் செவுள் பூப்போல விரிந்திருக்கும். இதிலோ தேடினாலும் கிடைக்காது. முதுகின் பின்பக்கம் நடுவில் சிறு துளை ஒன்று இருக்கும், அது ஆசனவாய். செவுள்கள் முதுகுப் போர்வைக்கு அடியில், பாதத்தைச் சுற்றி, சின்னச் சின்ன இலைகளாக ஒளிந்திருக்கின்றன.

படி 5: அடிப்பக்கம்
தீர்ப்பு இங்கேதான். பாதத்தின் நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு இருக்கிறதா? இதைப் போலவே தோன்றும் ஃபிலிடியா சிலெஸ்டிஸ் இனத்துக்கு அந்தக் கோடு கிடையாது. கோட்டைப் பார்ப்பதற்காக நத்தையைப் பிய்த்தெடுக்க வேண்டாம். பாறை விளிம்பைத் தாண்டும்போது பாதத்தைத் தூக்கும், அதுவரை பொறுத்திருங்கள்.

படி 6: உள்ளே
வெட்டிப் பார்க்காமலே ஒன்று சொல்லலாம். மற்ற நத்தைகளுக்கு இருக்கும் அரம் போன்ற பல்நாக்கு இதற்கு இல்லை. கடற்பஞ்சை உறிஞ்சித்தான் சாப்பிடுகிறது. பஞ்சிலுள்ள நஞ்சும் கூடவே வந்து, சீண்டும்போது வழவழப்பான சளியோடு கசியும். ஹவாயில் கிடைத்த நத்தைகளிலிருந்து அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து 1975இல் வெளியிட்டார்கள். இதை மீனோடு ஒரே வாளியில் போட்டால் மீன் செத்துப்போகலாம்.

நஞ்சு இருப்பதால் நகலும் உண்டு. பியர்சனோதூரியா கிரேஃபி என்ற கடல் அட்டையின் குஞ்சு அச்சு அசலாக இந்த நத்தையைப் போலவே இருக்கும். ஆமாம், அதே கடல் அட்டை! சந்தேகம் வந்தால் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். வழவழப்பான ஒற்றைப் பாதம் என்றால் நத்தை. குட்டிக் குட்டிக் குழாய்க்கால்கள் என்றால் அட்டை.