வெளிநாட்டு மாணவிக்குப் படிப்புச் செலவு ஏற்பது எப்படி? கென்யாவை வைத்து ஒரு செய்முறை

கென்யாவின் அரசுப் பகல்நேர உயர்நிலைப் பள்ளிகளில் 2008 முதல் கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மதிய உணவு, சீருடை, விடுதிப் பள்ளி என்றால் விடுதிக் கட்டணம் எல்லாம் இன்னும் வீட்டாரின் பொறுப்பு. கட்டணம் பாக்கி விழுந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே சர்வசாதாரணம். அப்படி வாரக்கணக்கில் பாடம் போனால், ஏழை வீட்டுப் பெண்பிள்ளைக்குப் படிப்பே நின்றுபோகலாம். நம் பணம் நேராகப் பயன்படும் இடம் இதுதான்.

1. அநாதை இல்லம் வேண்டாம்

இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அங்கே கொண்டு சேர்க்கிறது. நன்கொடை வரவர, படுக்கைகளை நிரப்பப் பிள்ளைகளைத் தேடும் இல்லங்களும் உண்டு. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்ய அரசு 2017இல் நிறுத்திவைத்தது. பள்ளி விடுதியில் தங்கினாலும், பிள்ளை தன் வீட்டாரின் பொறுப்பிலேயே இருந்தபடி படிக்க உதவும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள்.

2. அமைப்பிடம் கேட்க வேண்டியவை

கட்டணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறதா? ரசீதின் நகல் வருமா? நான் நடுவில் நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு அமைப்பைப் பாருங்கள். நல்ல அமைப்புகள் இதற்கென்றே ஒரு பொது நிதி வைத்திருக்கும்.

3. தவணைக் கணக்கு

பலர் சறுக்குவது இங்கேதான். நாம் மாதாமாதம் சமமாகக் கொடுக்கிறோம். கென்யப் பள்ளி அப்படி வாங்குவதில்லை. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, மூன்று பருவங்கள். விடுதிக் கட்டணத்துக்கு அரசு வகுத்த விகிதம் 50:30:20.

ஆண்டுக்கு 40,000 கென்ய ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 20,000, இரண்டாம் பருவத்துக்கு 12,000, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் மூன்றாம் பருவத்துக்கு 8,000 கட்ட வேண்டும். நீங்கள் ஜனவரியில்தான் ஆரம்பித்தீர்கள் என்றால் கையில் இருப்பது ஒரு மாதப் பங்கான 3,333 மட்டுமே. பிள்ளை முதல் வாரமே வெளியே நிற்கும்.

அதனால் முந்தைய ஆண்டு ஜூலையிலேயே தொடங்குங்கள். டிசம்பர் முடிவில் 20,000 சேர்ந்துவிடும். அதன்பின் அதே மாதத் தொகை எல்லாப் பருவத்துக்கும் போதும். அடுத்த டிசம்பரில் மீண்டும் 20,000 தயாராக இருக்கும். முதல் ஆண்டுக்கு மட்டும் மெத்தை, தகரப் பெட்டி, சீருடைக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். மாதவிடாய் நாப்கின்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள்.

4. பணம் அனுப்புதல்

சிறு தொகையை மாதந்தோறும் வங்கி வழியே அனுப்பினால் கட்டணமே பாதியைத் தின்னும். உள்ளூரில் சேர்த்துவைத்துப் பருவத்துக்கு ஒருமுறை அனுப்புவதே சரி. வெளிநாட்டு வங்கிக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் படிவத்தில் கட்டணம் யாருக்கு என்ற இடத்தில் ‘ஓயுஆர்’ (OUR, முழுக் கட்டணமும் அனுப்புபவருக்கு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘எஸ்எச்ஏ’ (SHA, கட்டணம் இருவருக்கும் பகிர்வு) என்றால் இடைவங்கி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்குப் போகும் தொகை குறைந்து, அதுவே பாக்கியாக எழுதப்படும்.

இந்தியாவிலிருந்து அனுப்புவோருக்கு பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவமும் தேவை. வெளிநாட்டு அறநிறுவனத்துக்கான நன்கொடையின் நோக்கக் குறியீடு (பணம் எதற்கு என்று அந்தப் படிவத்தில் எழுதும் எண்) எஸ்1303. இதற்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது.

5. கடிதம்

அமைப்பு வழியாக மட்டும் எழுதுங்கள். உங்கள் முகவரி, தொலைபேசி எண், வீடு, கார் படங்கள் வேண்டாம். பிள்ளையின் படத்தை, பள்ளிப் பெயரை முகநூலில் போடாதீர்கள். யார் கண்ணில் படும் என்று தெரியாது. மதிப்பெண்ணைத் துருவுவதைவிட, என்ன பாடம் பிடிக்கிறது என்று கேட்டால் பதில் நீளமாக வரும்.

பின்சேர்க்கை

எத்தனை ஆண்டுக்கு ஒப்புக்கொள்வது என்பதில் இப்போது குழப்பம் வருகிறது. பழைய முறையில் உயர்நிலைக் கல்வி நான்கு ஆண்டு. ஜனவரி 2026இல் பத்தாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் புதிய முறை. அவர்களுக்கு மூன்று ஆண்டு. பழைய முறையின் கடைசி அணி 2027இல் இறுதித் தேர்வு எழுதும். பிள்ளை எந்த முறையில் படிக்கிறாள் என்று கேட்டுவிட்டே கையொப்பமிடுங்கள். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை பல மாத இடைவெளி விழும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் ஒரு பருவத் தொகையைக் கூடுதலாக வைத்திருங்கள்.