நைட்ரஸ் பொருத்திய காரில் பிளக் இடைவெளியும் இக்னிஷன் டைமிங்கும் அமைக்கும் முறை

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியும் வாயு அன்று. சிலிண்டருக்குள் வெப்பம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. காற்றின் எடையில் 23 விழுக்காடே உள்ள ஆக்சிஜன் இதில் 36 விழுக்காடு இருப்பதால், கூடுதல் பெட்ரோலை எரிக்க முடிகிறது. இந்தக் கலவை விரைந்து எரிவதால் அழுத்தமும் முன்னதாகவே உச்சத்தை எட்டுகிறது. பழைய டைமிங்கிலேயே, அதாவது தீப்பொறி விழும் பழைய நேரத்திலேயே, ஓட்டினால், பிஸ்டன் மேலேறி முடிப்பதற்குள் அந்த அழுத்தம் அதன் தலையில் மோதி நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) தொடங்கும். நாக்கிங் நீடித்தால் பிஸ்டன் ரிங்குகளைத் தாங்கும் விளிம்புகள் உடைந்துவிடும்.

முதலில் பிளக்கைச் சரிசெய்ய வேண்டும். 100 குதிரைத்திறனைக் கூட்டும் ஜெட்டுக்கு (நைட்ரஸ் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை), வழக்கமான பிளக்கைவிட ஒரு படி குளிர்ச்சியானது, அதாவது வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது, பொதுவாகப் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு படி வேண்டியிருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குவோர் இங்கே ஏமாறக்கூடும்: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி மிகும், பாஷ், சாம்பியன் பிளக்குகளில் அது நேர்மாறு. முனை வெளியே நீண்டிருக்கும் பிளக் எளிதில் பழுக்கக் காய்ந்து, தீப்பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும் என்பதால், அதைத் தவிர்ப்பது நல்லது.

அழுத்தம் கூடினால் தீப்பொறி தாவுவதற்கு அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும். எனவே 1.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நன்றாக ஓடிய எஞ்சின், நைட்ரஸ் பாய்ந்ததும் இடையிடையே கலவை பற்றாமல் மிஸ் அடிக்கலாம். 0.9 மில்லிமீட்டரில் தொடங்கி, மிஸ் தொடர்ந்தால் 0.8, 0.7 என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். வளைக்க வேண்டியது பக்கவாட்டுக் கம்பியை மட்டுமே. நடு மின்முனையின் மேல் கருவியை ஊன்றினால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

டைமிங்கைக் குறைக்கும் கணக்கு எளிது: ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி. மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்னதாகத் தீப்பொறி விழுகிறது என்பது) 34 டிகிரி உள்ள எஞ்சினில் 100 குதிரைத்திறன் ஜெட் போட்டால் 30 டிகிரி வரும். முதல் ஓட்டத்துக்கு 28-லேயே தொடங்குவதை நான் வலியுறுத்துவேன். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி) உள்ள வண்டியில் அதன் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, அட்வான்ஸ் மேலும் ஏறாமல் நிற்கும் வரை எஞ்சின் வேகத்தைக் கூட்டி, டைமிங் லைட்டால் அளக்க வேண்டும். ஐட்லிங்கில் அளந்த எண்ணை நம்பக் கூடாது. இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள வண்டியில், நைட்ரஸ் பாயும்போது மட்டும் டைமிங் குறையுமாறு அமைக்கலாம். தேவைக்கு மேல் குறைப்பதும் தீங்கே. எரிதல் பிந்தி, வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வுகளைத் தாக்கும்.

இறுதியாகப் பிளக்கையே படித்துப் பார்க்க வேண்டும். புதிய பிளக்குகளுடன் பந்தயத் தடத்தில் முழுத் திராட்டிலில் ஓட்டி, முடிவில் கிளட்சை மிதித்து எஞ்சினை உடனே அணைத்துவிட்டு, கழற்றிப் பாருங்கள். பக்கவாட்டுக் கம்பியில் நிறம் மாறிய கோடு வளைவின் அருகே இருந்தால் டைமிங் சரி. அடிப்பகுதியை நெருங்கினால் அட்வான்ஸ் மிகுதி. நுனியில் நின்றால் குறைவு. பீங்கானில் கரும்புள்ளிகளோ அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நைட்ரஸை மூடிவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை மீண்டும் திறக்கக் கூடாது. எல்லாம் சுத்தமாக இருந்தால் ஒரு டிகிரி மட்டும் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். வேகம் கூடவில்லை என்றால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.